மகள் செய்யூ ஆக வேண்டும் என்கிறாள்

கேள்வி: டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறோம். கணவர் கணினித் துறையில் இருக்கிறார். ஒரே மகள். நான்கு வயதில் இங்கே வந்தவள், மழலையர் பள்ளி தொடங்கி ஜப்பானியப் பள்ளிகளிலேயே படித்து இப்போது உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். வயது 16. ஜப்பானிய அசைவூட்டப் படங்களான அனிமேக்களில் குரல் கொடுத்து, அவற்றிலேயே பாடவும் செய்யும் மிஸுகி நானாவைப் போல் 'செய்யூ', அதாவது குரல் நடிகை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. பள்ளியின் ஒலிபரப்புக் குழுவில் இருக்கிறாள். ஆறு வயதிலிருந்து இணையம் வழியாகக் கர்நாடக சங்கீதம் கற்கிறாள். குரல் நடிப்பைச் சொல்லித்தரும் ஒரு தொழிற்கல்லூரியின் கையேட்டை வாங்கி வந்திருக்கிறாள்; இரண்டு ஆண்டுகளுக்கு 26 லட்சம் யென் கட்டணம். 'டப்பிங் பேச ஒரு படிப்பா?' என்று கேட்ட என் கணவர், மருத்துவம் அல்லது பொறியியல் என்று பேச்சை முடித்துவிட்டார். இரண்டு வாரமாக அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் யார் பக்கம் நிற்பது? பி.கு.: தமிழ்ப் பெயரோடு இந்தத் துறைக்குள் நுழைய முடியுமா என்று கேட்கச் சொன்னாள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளின் ஆசை இருக்கிறது, கணவரின் கோபம் இருக்கிறது, கல்லூரிக் கட்டணம்கூட யென் கணக்கில் இருக்கிறது. நீங்கள் எந்த விசாவில் தங்கியிருக்கிறீர்கள் என்பது மட்டும் இல்லை. இருபது ஆண்டுகளாக இங்கே வெளிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் ஆலோசனை சொல்லி வருகிறேன். அதற்கு முன்னால் ஒலிப்பதிவுக் கூடங்களில் மொழிபெயர்ப்பாளராகச் சில காலம் குப்பை கொட்டியிருக்கிறேன். எனக்கு வரும் இந்த வகைக் கடிதங்களில் வழக்கமாக விடுபட்டுப் போவது விசாதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் மகள் கைகாட்டுகிற ஆளைப் பார்ப்போம்.

மிஸுகி நானா 1980 ஜனவரி 21 அன்று ஷிகோகு தீவில், எஹிமே மாகாணத்தின் நீஹாமா நகரில் பிறந்தவர். தாமிரச் சுரங்கத்தால் வளர்ந்த தொழில் நகரம் அது. தந்தை செயற்கைப் பற்கள் செய்து தரும் தொழில்நுட்பர். என்கா பாட்டென்றால் அவருக்கு உயிர். என்கா என்பது துறைமுகம், மழை, மது, பிரிவு என்று உருகும் பழைய பாணிப் பாட்டு. உங்கள் அக்கம்பக்கத்து முதியவர்கள் கரோகேயில் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்களே, அதுதான். மகளை என்கா பாடகி ஆக்கிவிட வேண்டும் என்று ஐந்து வயதிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட்டார். டிசம்பர் 31 இரவு பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. நடத்தும் 'கொஹாகு உதா கஸ்ஸென்' என்ற பாட்டு நிகழ்ச்சியின் மேடையில் அவள் நிற்க வேண்டும் என்பது கனவு.

மகள் டோக்கியோ வந்து ஹொரிகோஷி உயர்நிலைப் பள்ளியில் படித்தார். குரல் நடிப்பும் கற்றார். 1998இல் ஒரு பிளேஸ்டேஷன் விளையாட்டில் குரல் நடிகையாக அறிமுகமானார். என்கா பாடகியாக டோக்கியோவில் கதவு திறக்கவில்லை. 2000 டிசம்பரில் கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் வழியாக அவருடைய முதல் தனிப்பாடல் வந்தபோது அது பாப் பாட்டாகத்தான் இருந்தது. 2002இல் தொடங்கிய நாருடோ அனிமேயில் ஹினாடா என்ற பாத்திரம். 2004இல் நானோஹா அனிமேயில் ஃபேட் என்ற பாத்திரம். அந்த அனிமேயின் தொடக்கப் பாடலில்தான், 2004 அக்டோபரில், ஒரிகான் வாராந்தர இசை விற்பனைப் பட்டியலில் முதன்முறையாக முதல் பத்துக்குள் வந்தார். முதல் இடத்துக்கு வர 2009 ஜூன் ஆனது. அந்த மாதம் வெளிவந்த ஆல்பம், குரல் நடிகர் ஒருவரின் ஆல்பம் முதலிடம் பிடித்த முதல் நிகழ்வு. அடுத்த ஜனவரியில் தனிப்பாடல் பட்டியலிலும் அதேபோல் முதலிடம். 2009 டிசம்பர் 31 அன்று கொஹாகு மேடையில் நின்றார். குரல் நடிகர்களில் அங்கே போன முதல் ஆள் அவர்தான். தந்தை அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

ஐந்து வயதில் ஆரம்பித்தவருக்கு முதலிடம் வரும்போது வயது 29. உங்கள் மகளிடம் இருக்கும் படங்கள் பெரும்பாலும் 2011 டிசம்பர் டோக்கியோ டோம், 2016இல் கோஷியென் விளையாட்டரங்கம் என்று பெருங்கூட்டத்தின் நடுவே எடுத்தவையாக இருக்கும். 2000க்கும் 2004க்கும் இடையே அவர் எப்படி இருந்தார் என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் நான் கண்டவரை, திறமை இருக்கிறதா என்ற கேள்விக்கு ஓரிரு ஆண்டில் பதில் கிடைத்துவிடுகிறது. திறமை இருந்தும் அழைப்பு வராத ஆண்டுகளில் எதைத் தின்று, எங்கே தங்கி, என்ன முகத்தோடு அடுத்த தேர்வுக்குப் போவது என்பதில்தான் பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். எனவே நீங்கள் யார் பக்கமும் நிற்க வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் உட்காருங்கள்.

உங்கள் கணவருடைய கேள்வி முதலில். 'டப்பிங்' என்று அவர் நினைப்பது, முடிந்துபோன படத்துக்கு வேறு மொழியில் வாய் ஒட்டுவதை. அனிமே ஒலிப்பதிவில் பல நாட்கள் படமே முடிந்திருக்காது. திரையில் பென்சில் கோடுகள் ஓடும்; எந்தப் பாத்திரம் எப்போது பேச வேண்டும் என்பதை அதன் பெயர் திரையில் தோன்றி மறைவது மட்டுமே சொல்லும். அந்தக் கோட்டுப் படத்துக்கு மூச்சும் தயக்கமும் கோபமும் நடிகர்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பதிவு நேரம் வழக்கமாகக் காலை 10 மணிக்கு ஒன்று, மாலை 4 மணிக்கு ஒன்று. மாலையில் வந்தாலும் 'ஒஹாயோ கொஸாய்மஸு', அதாவது காலை வணக்கம்தான். சாவடிக்குள் மூன்று மைக். பத்துப் பன்னிரண்டு பேர். தன் முறை வரும்போது எழுந்து, காலியாக இருக்கும் மைக்குக்கு ஓசைப்படாமல் போய் நின்று, பேசி முடித்து, அடுத்தவருக்கு இடம் விட்டு விலக வேண்டும். பக்கம் திருப்பும் சத்தம் கேட்கக் கூடாது. சலசலக்கும் துணி உடுத்தக் கூடாது. அன்றைக்கு வந்திருந்த புதுப்பெண் ஒருத்தி, கதவருகே கடைசி இருக்கையில் இருந்தாள். மூத்தவர்கள் வரும்போதெல்லாம் எழுந்து அந்தக் கனமான கதவைத் திறந்துவிட்டாள். அவளுக்கு ஒரே வசனம். கடைக்காரியாக 'இரஷ்ஷாய்மஸே' என்று வாடிக்கையாளரை வரவேற்க வேண்டும். சொன்னாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலி இயக்குநரின் குரல் வந்தது: 'அந்தம்மா எதுவும் வாங்கப் போவதில்லை என்று உனக்கு முன்பே தெரியும், ஆனாலும் வரவேற்கிறாய்.' மறுபடி சொன்னாள். இந்த முறை அந்தச் சொல்லின் கடைசி அசை மட்டும் ஒரு நூல் இழை தளர்ந்திருந்தது. 'ஓகே.' அதற்குப் பிறகு சந்தைக் கூட்டத்தின் இரைச்சலை எழுப்பும் 'கயா' பதிவில் மற்றப் புதியவர்களோடு சேர்ந்து நின்றாள். நான்கு மணி நேரம் இருந்தாள். உங்கள் கணவர் அந்த இரண்டாவது 'இரஷ்ஷாய்மஸே'யைக் கேட்டிருந்தால், படிப்பா என்று கேட்டிருக்க மாட்டார். ஆனால் அவருக்கு வேறு கேள்வி வந்திருக்கும்: இதற்கு எவ்வளவு தருகிறார்கள்?

நியாயமான கேள்வி. நடிகர் சங்கமான நிஹொன் ஹாயு ரெங்கோவின் ஊதிய உடன்படிக்கையில் தரவரிசை உண்டு. புதியவர்கள் முதல் மூன்று ஆண்டுகள் 'ஜூனியர்'. அரை மணி நேர அத்தியாயம் ஒன்றுக்கு அடிப்படைத் தொகை 15,000 யென். ஒரு வசனம் பேசினாலும் நூறு வசனம் பேசினாலும் அதுதான். தர வரிசையின் உச்சியில் இருப்பவருக்கு 45,000. இதுவும் சும்மா வந்துவிடவில்லை. 1973இல் குரல் நடிகர்கள் 24 மணி நேர வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கிய பிறகே ஊதியம் உயர்ந்தது. இப்போது நோட்டை எடுங்கள். ஒரு தொடர் முழுக்க வரும் பாத்திரம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் 12 அத்தியாயம், அடிப்படைத் தொகை 1,80,000 யென். மாதத்துக்கு 60,000. அதில் பத்தில் இரண்டு மூன்று பங்கை முகவர் நிறுவனம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். மறுஒளிபரப்பு, டிஸ்க் வெளியீடு என்று கூடுதல் தொகைகள் சேரலாம். ஆனாலும் நிஷி-கசாயில் ஓர் அறை வாடகைக்கு என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்று ஆண்டு முடிந்து தரம் உயர்ந்தால் நிம்மதி என்று நினைப்பீர்கள். அங்கேதான் பள்ளம் இருக்கிறது. தரம் ஏறினால் விலை ஏறும். சின்னப் பாத்திரத்துக்கு 15,000 யென்னில் ஆள் கிடைக்கும்போது தயாரிப்பாளர் ஏன் கூடுதலாகத் தருவார்? நான்காம் ஆண்டில் அழைப்புகள் திடீரென்று வற்றிப்போய் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் இவர்கள் யாரும் மாதச் சம்பளக்காரர்கள் கிடையாது. நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இருக்கும். சட்டப்படி ஒவ்வொருவரும் சுயதொழில் செய்பவர். வரிக் கணக்கு, தேசியக் காப்பீடு, ஓய்வூதியத் தவணை எல்லாம் தன் கையால். 2023 அக்டோபரில் நுகர்வு வரியில் புதிய விலைப்பட்டியல் முறை வந்தபோது குரல் நடிகர்கள் அமைப்பாகத் திரண்டு எதிர்த்ததற்குக் காரணம் இதுதான்.

பாட்டில் பணம் இருக்கும் என்று உங்கள் மகள் சொல்வாள். பாடியவருக்குக் கிடைக்கும் பங்கு, புதியவர்களின் ஒப்பந்தங்களில் பொதுவாக இசைத்தட்டு விலையில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். 1,200 யென் தட்டு 5,000 விற்றால் 60,000 யென். ஐயாயிரம் விற்பது சின்ன விஷயமில்லை. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகை வேறு கணக்கில், இதைவிட நல்ல விகிதத்தில் வரும். மிஸுகியும், அவருக்கு முந்தைய தலைமுறையில் ஹயாஷிபாரா மெகுமியும் தங்கள் பாடல்களில் பலவற்றைத் தாங்களே எழுதியவர்கள். ஆசைக்காக எழுதினார்களோ அல்லவோ, கணக்குக்கும் அது உதவியிருக்கும். உங்கள் மகள் ஜப்பானிய மொழியில் பாட்டு எழுதிப் பார்க்கிறாளா? கடிதத்தில் இல்லை. எழுதவில்லை என்றால் இன்றிரவே தொடங்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

குரலும் பாட்டும் ஏன் ஒரே ஆளிடம் சேர்கின்றன என்பதை அவள் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் அனிமேக்குப் பணம் போடுவது தனி ஆள் அன்று. பதிப்பகம், தொலைக்காட்சி, பொம்மை நிறுவனம், இசை நிறுவனம் என்று பல பேர் சேர்ந்த தயாரிப்புக் குழு. அந்தக் குழுவில் இருக்கும் இசை நிறுவனம் தன் பாடகியைத் தொடக்கப் பாடலுக்கு வைக்க விரும்பும். அதே பாடகி கதையிலும் ஒரு பாத்திரம் பேசினால் இன்னும் நல்லது. நானோஹாவிலும், 2012இல் தொடங்கிய சிம்ஃபோகியரிலும் கிங் ரெக்கார்ட்ஸும் மிஸுகியும் சேர்ந்து நின்றது அப்படித்தான். இதில் தகிடுதத்தம் எதுவும் இல்லை, வியாபாரத்தின் அமைப்பே அது. ஆனால் தனக்கு இரண்டு திறமை இருப்பதால் இரண்டு வாய்ப்பு என்று அவள் கணக்குப் போடக் கூடாது. சில நேரம் இரண்டையும் பிரித்தே கொடுப்பார்கள். 2008இல் வந்த மாக்ரோஸ் ஃபிரான்டியர் என்ற அனிமேயில் ஷெரில் என்ற பாடகிப் பாத்திரத்துக்குப் பேசியவர் எண்டோ ஆயா, பாடியவர் மெயின் என்ற பாடகி. இன்னொரு நாயகி ரான்காவுக்கு மட்டும் பேச்சும் பாட்டும் நகஜிமா மெகுமி ஒருவரே. அவருடைய தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவர்; உங்கள் மகளுக்கு இந்தத் தகவல் பிடிக்கும். ஷாங்காயிலிருந்து வந்த லியூ, லவ் லைவ் வரிசையில் சீன மாணவியாகப் பேசித் தனிப் பாடகியாகவும் இருக்கிறார். ரஷ்யாவிலிருந்து வந்த ஜென்யா இங்கே ஆண்டுக்கணக்கில் குரல் நடிகையாக இருக்கிறார். வெளிநாட்டுப் பாத்திரம் என்ற வாசல் முதலில் திறக்கும். அதிலேயே அடைபட்டுப் போகாமல் இருப்பது அவள் உச்சரிப்பைப் பொறுத்தது.

அந்த உச்சரிப்பில் அவளுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. டோக்கியோவில் 'அமே' என்பதன் முதல் அசை உயர்ந்தால் மழை, இரண்டாவது உயர்ந்தால் மிட்டாய். ஊரிலிருந்து வரும் ஜப்பானியப் பிள்ளைகள் அகராதியை வைத்துக்கொண்டு இதை மனப்பாடம் செய்கிறார்கள். உங்கள் மகளுக்கு மழலையர் பள்ளி மணல் மேட்டிலேயே காதில் ஏறியிருக்கும்.

கர்நாடக சங்கீதத்தை நீங்கள் ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அவசியமில்லை. மிஸுகியின் வேகமான பாடல் எதையாவது போட்டு, வரி முடிகிற இடத்தில் காதைத் தீட்டிக் கேளுங்கள். சுரம் நேராக நிற்காது; ஒரு சுழிப்பு சுழித்து இறங்கும். என்காவில் அதற்குக் கொபுஷி என்று பெயர். அப்பா சொல்லித்தந்த அந்தச் சுழிப்பை அவர் மின்கிதாருக்கு நடுவிலும் விடவில்லை. ஆயிரம் பேர் பாடினாலும் அவர் குரலைக் கண்டுபிடிக்க முடிவதற்கு அது ஒரு காரணம் என்பது என் கருத்து. கமகம் பழகிய தொண்டைக்கு இது எட்டாத ஒன்றல்ல. ஆனால் எச்சரிக்கை: அதைக் காட்டுவதற்காகப் போட்டால் தேர்வாளர் முகம் சுளிப்பார். தாளமும் சுருதியும் மூச்சும் உள்ளே இருக்கட்டும், ராகம் வெளியே தெரிய வேண்டியதில்லை. பாட்டு வகுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது அந்த 26 லட்சம். என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: வேண்டாம். அப்படிப்பட்ட கல்லூரிகளில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு முறை ஒரு மாணவியோடு ஒரு கல்லூரியின் அறிமுக நாளுக்குப் போயிருந்தேன். சுவர் முழுக்க முன்னாள் மாணவர்களின் படங்கள். இரண்டே கேள்விகள் கேட்டேன். போன ஆண்டு படித்து முடித்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் முகவர் நிறுவனத்தில் முழு உறுப்பினராகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? பயிற்சிப் பிரிவிலும் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் 'அஸுகாரி'யிலும் இருப்பவர்களைச் சேர்க்காமல். புன்னகையோடு ஒரு துணிப்பையும் ஒரு பாட்டில் தேநீரும் கொடுத்தார்கள். எண் வரவில்லை. நீங்களும் உங்கள் கணவரும் மகளுமாக மூவரும் போய் அதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எண்ணாகப் பதில் வந்தால் எனக்கு எழுதுங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

வேறு வழி இருக்கிறது. பெரிய முகவர் நிறுவனங்கள் பலவும் தங்களோடு இணைந்த பயிற்சிக் கூடங்களை நடத்துகின்றன. 'யோசெய்ஜோ' என்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள், சில மணி நேரம். ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு லட்சம் யென்னுக்குள் பல இடங்கள் கிடைக்கும். வாரத்தின் மற்ற நாட்களில் பல்கலைக்கழகம். உங்கள் கணவரிடம் சொல்ல இரண்டு பெயர்கள் தருகிறேன். முதலாமவர் ஹயாஷிபாரா மெகுமி: எவாஞ்செலியனின் ரெய், போக்கிமானின் முஸாஷி, கோனானின் ஹைபாரா ஆகிய பாத்திரங்களின் குரல் அவர். எண்பதுகளின் நடுவில் குரல் பயிற்சிக்கும் செவிலியர் பள்ளிக்கும் ஒரே காலத்தில் போய், செவிலியர் தகுதியையும் பெற்றவர். ஸகமோட்டோ மாயா 1996இல், 16 வயதில், ஓர் அனிமேயில் நாயகியாகப் பேசி அதன் தொடக்கப் பாடலையும் பாடிய பிறகும் தோயோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சமூகவியல் படித்து முடித்தார். எந்தப் பட்டம் என்பதைப் பற்றி அப்பாவும் மகளும் சண்டை போடட்டும். அது ஆரோக்கியமான சண்டை. மருத்துவம் மட்டும் ஒத்து வராது. ஞாயிற்றுக்கிழமைகூட அது தராது.

ஒரு முறைகேட்டையும் சொல்லிவிடுகிறேன். 'உங்கள் மகள் தேர்வில் வென்றுவிட்டாள்' என்று சொல்லி, அடுத்த வாரமே பயிற்சிக் கட்டணம், புகைப்படக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. தேர்வு இலவசம், வெற்றிக்குத்தான் விலை. அப்படி யாராவது அன்றைக்கே கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். இதில் வயதுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022 ஏப்ரல் முதல் ஜப்பானில் 18 வயது நிரம்பியவர் முழு வயதுக்காரர். அதுவரை பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளை போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியும். பதினெட்டாம் பிறந்தநாளுக்கு அடுத்த நாள் அவள் போடும் கையெழுத்தை அந்தக் காரணம் காட்டி நீங்கள் கிழிக்க முடியாது.

அதே பிறந்தநாள்தான் விசாவிலும் வந்து நிற்கிறது. உங்கள் மகள் பெரும்பாலும் குடும்பத்தினருக்கான தங்கல் தகுதியில் இருப்பாள். அதில் அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். குரல் நடிகையாகச் சுயதொழில் செய்து வாழ்வதற்கு அது இடம் தராது. நீங்களோ உங்கள் கணவரோ நிரந்தர வசிப்புரிமை பெற்றுவிட்டால், திருமணமாகாத, 18 வயது நிரம்பாத பிள்ளை 'தெய்ஜூஷா' எனப்படும் நீண்டகால வசிப்புத் தகுதிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அந்தத் தகுதியில் என்ன வேலை என்ற கட்டுப்பாடு கிடையாது. பன்னிரண்டு ஆண்டு ஆகிறது என்கிறீர்கள். வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தாயிற்றா? இல்லையென்றால், மகளிடம் பேசாமல் செலவழித்த இந்த இரண்டு வாரத்தில் உங்கள் கணவர் படிவங்களை நிரப்பியிருக்கலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பரிசீலனைக்கு மாதக்கணக்கில் ஆகும். இங்கேயே கட்டாயக் கல்வியும் உயர்நிலைப் பள்ளியும் முடித்த பிள்ளைகளுக்கு வேறு சில வழிகளும் உண்டு. ஆனால் அவற்றுக்கு வேலை உறுதிக் கடிதம் வேண்டும். முகவர் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தம் வேலைவாய்ப்பு ஆகாது. ஆகவே குடிவரவு விவகாரம் தெரிந்த ஒரு 'க்யோசெய் ஷோஷி'யை, அதாவது அரசு விண்ணப்பங்களைத் தயாரித்துத் தரும் உரிமம் பெற்றவரை, உங்கள் தங்கல் அட்டைகளோடு இந்த மாதமே போய்ப் பாருங்கள். கல்லூரிக் கையேட்டைவிட அது அவசரம்.

அதற்கிடையில் மகளுக்கு மூன்று வேலைகள். 'உய்ரோ-உரி' என்ற பழைய கபுகி வசனத்தை அவள் ஒலிபரப்புக் குழுவில் பார்த்திருப்பாள். 1718இல் இரண்டாம் இச்சிகாவா டான்ஜூரோ மேடையேற்றியது. ஒடவாராவிலிருந்து வரும் மருந்து வியாபாரி, ஒரு குளிகையை வாயில் போட்டதும் நாக்கு பம்பரமாய்ச் சுழலத் தொடங்க, மூச்சுவிடாமல் நாபிறழ் வாக்கியங்களை அடுக்கித் தள்ளுவான். குரல் பயிற்சிக்குப் போகும் எல்லோரும் 'ஸெஷ்ஷா ஒயகதா தோ மோஸு வா' என்று தொடங்கும் அதைத் தலைகீழாய் அறிந்திருப்பார்கள். அவளும் மனப்பாடமாகச் சொல்லட்டும். வேகம் முக்கியமில்லை. சரக்கு விற்க வந்தவன் பேசுவதாக அது கேட்கிறதா என்று நீங்கள் கேளுங்கள். மொழி புரியாத இடத்திலும் அது தெரியும்.

இரண்டாவது, வாரம் ஒரு முறை அரை மணி நேரம், எழுதி வைத்துப் படிக்காமல், தனியாகக் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யட்டும். ஹயாஷிபாரா 1992இலிருந்தும் மிஸுகி 2001இலிருந்தும் வாரந்தோறும் வானொலியில் பேசியவர்கள். பாத்திரம் கைவசம் இல்லாத வாரத்திலும் ரசிகர் மறக்காமல் இருந்தது அதனால். பத்து நிமிடத்தில் பேச ஒன்றும் இல்லாமல் போகிறதா என்பது அவளுக்கே தெரிந்துவிடும். மூன்றாவது, பள்ளிக்கு அருகில் பகுதிநேர வேலைக்கு அனுமதி வாங்கிக் கொடுங்கள். தெருமுனைக் கடையான கொம்பினியில் நின்று நூறு முறை 'இரஷ்ஷாய்மஸே' சொல்லிவிட்டு வரட்டும். யோசெய்ஜோவின் முதல் ஆண்டுக் கட்டணத்தில் பாதியை அவள் சம்பாதிக்க வேண்டும், மீதியை அப்பா தருவார் என்பது என் யோசனை. பாதி தருவதற்குக்கூட உங்கள் கணவர் மறுத்தால் என் எண்ணைக் கொடுங்கள்.

கெடு ஒன்றையும் எழுதி வையுங்கள். யோசெய்ஜோவில் சேர்ந்த நாளிலிருந்து நான்கு ஆண்டு, அதாவது பட்டம் முடியும்வரை. அதற்குள் ஏதேனும் ஒரு முகவர் நிறுவனம் அவளைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் மூவரும் மறுபடி உட்கார வேண்டும். அன்றைக்கு அவளுக்கு 22 வயது இருக்கும், கையில் பட்டம் இருக்கும், இரண்டு மொழி நன்றாகத் தெரியும். அந்தக் கெடுவை அவளே தன் கையெழுத்தில் எழுதட்டும்.

பெயரைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மிஸுகி நானாவுக்கு வீட்டில் வைத்த பெயர் கோண்டோ நானா. இந்தத் துறையில் பெயரை மாற்றுவதும் வழக்கம், மாற்றாமல் இருப்பதும் வழக்கம். தமிழ்ப் பெயரால் கதவு மூடாது, ஒரு முறை கேட்டால் மறக்காது என்ற அனுகூலமும் உண்டு. நீங்கள் கடிதத்தின் கீழே எழுதியிருக்கும் அவள் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. கத்தகானாவில் அது ரகரமாகத்தான் ஆகும். பன்னிரண்டு ஆண்டுகளாக வருகைப்பதிவில் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள், அவளும் 'ஹாய்' என்று கை தூக்கியிருப்பாள். அந்த ரகரத்தோடு மேடை ஏறுவது அவளுக்குச் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள்.